தலபுராண மரபும் சபை வரலாறும்: ஒங்கோல் பாப்திஸ்துச் சபையின் தோற்றவுரை குறித்து ஓர் ஆய்வு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் இன்று சிறியவும் பெரியவுமாகக் கிறித்தவத் திருச்சபைகள் பல உள்ளன. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றிய பின்னர், வேலை நாடி வந்தோர் பெருகினர். அவரோடு வழிபாட்டிடங்களும் பெருகின. இத்தகைய சபைகள் வெள்ளிவிழாவோ பொன்விழாவோ கொண்டாடுங்கால் மலர் ஒன்று வெளியிடுதலும், அதன்கண் சபையின் வரலாற்றை ஒரு கட்டுரையாக வரைதலும் வழக்கம். அக்கட்டுரைகளுட் பல ஒரே போக்கின. போதகர் ஒருவர் வந்தார், ஒரு வீட்டில் சிலர் கூடினர், நிலம் கிடைத்தது, கட்டடம் எழுந்தது, உறுப்பினர் தொகை இவ்வளவாயிற்று என்பதே அப்போக்கு. இவற்றை இலக்கியம் என எவரும் கருதுவதில்லை. ஆயினும், ஒரு கூட்டத்தார் தாம் தோன்றிய வகையைத் தாமே எடுத்துரைக்கும் உரை எதுவாயினும், அதற்கு ஒரு வடிவம் உண்டு. வடிவம் உண்டெனின் அது திறனாய்வுக்கும் உரியதே. சபை வரலாறு என்னும் இவ்வுரைவகை எதனைச் சொல்கிறது, எதனை மறைக்கிறது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தோற்றம் உரைக்கும் இலக்கியம் தமிழர்க்குப் புதிதன்று. தலபுராணம் என்னும் வகை அதற்கென்றே அமைந்தது. தலத்தின் சிறப்பு, தீர்த்தத்தின் சிறப்பு, மூர்த்தியின் சிறப்பு, ஆங்கு வழிபட்டுப் பேறுற்றோர் வரலாறு என்பன அதன் இன்றியமையா உறுப்புகள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) போன்றோர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும் இவ்வகையைப் பல நூல்களால் வளர்த்தனர். நாம் கூறிய மேற்குப் புறநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலில், தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடி பிணித்ததும், அவன் அக்கொடியை வாளால் வெட்டியபோது குருதி பெருகி இலிங்கம் வெளிப்பட்டதும் தலவரலாறாக வழங்குகின்றன. கோயிலை எழுப்பியவன் அரசன் எனினும், கதையின்படி அவன் தோற்றுவித்தவன் அல்லன்; முன்னரே அங்கிருந்ததனைத் தன்னை அறியாமல் தீண்டியவன். இந்நுட்பத்தை மனத்திற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

சபை வரலாற்றை ஆராய்வதற்குப் பாப்திஸ்துச் சபையொன்றனை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பாப்திஸ்துக் கொள்கையின்படி, திருச்சபை என்பது கட்டடமும் அன்று. ஆயரின் ஆட்சிக்குட்பட்ட பிரிவும் அன்று. தம் நம்பிக்கையைத் தாமே அறிக்கையிட்டு, நீரில் முழுகி எழுந்தோர் ஒருவரோடொருவர் உடன்பட்டுக் கூடும் கூட்டமே சபை. குழந்தைக்கு அச்சடங்கு செய்தல் அவர்க்கு உடன்பாடன்று. ஒவ்வோர் ஊரின் சபையும் தன்னைத் தானே ஆளும் உரிமையுடையது. ஆகவே, 'இச்சபையை நிறுவியவர் யார்?' என்னும் வினாவிற்குப் பாப்திஸ்துக் கொள்கை தரத்தக்க விடை 'அதன் முதல் உறுப்பினர்' என்பதே. ஆனால் அவர்தம் வரலாற்று நூல்கள் அவ்விடையைத் தருகின்றனவா? இதுவே நம் வினா.

இதற்கேற்ற சான்று சென்னையில் தொடங்கி வடக்கே செல்கிறது. அமெரிக்கப் பாப்திஸ்து அருட்பணியாளர் சாமுவேல் டே 1836இல் இந்தியா வந்து, 1837இல் சென்னையில் தங்கி, 1840இல் நெல்லூருக்குச் சென்றார். நெல்லூரில் 1844இல் எட்டு உறுப்பினருடன் சபை அமைந்தது. உடல்நலம் குன்றி அவர் தாயகம் சென்ற காலத்தில் இந்நாட்டுத் துணைவர்களே பணியைத் தாங்கினர். பயன் மிகச் சிறிதாகையால், அப்பணியைக் கைவிடலாமா என அமெரிக்காவில் ஒருமுறைக்கு மேல் ஆராய்ந்தனர். 1853இல் அத்தகைய கூட்டமொன்றில், நிலப்படத்தில் நெல்லூர் ஒற்றை விண்மீனாகக் குறிக்கப்பட்டிருந்ததைச் சுட்டிப் பேசினர்; அதனைக் கேட்ட சாமுவேல் பிரான்சிசு சுமித் என்னும் பாவலர் அவ்விண்மீனைப் பற்றிப் பாடல் எழுதினார். அன்று முதல் அப்பணிக்குத் 'தனி விண்மீன்' என்பதே பெயராயிற்று. லைமன் ஜூவெட்டுக்குப் பின்னர் 1865இல் வந்த ஜான் எவரெட் கிளஃப், மறு ஆண்டு ஒங்கோலில் குடியேறினார். 1867 சனவரி முதல் நாள் அங்கே சபை அமைந்தது; உறுப்பினர் எண்மர். பதினோராண்டு கழிந்து, 1878 இறுதியில் அச்சபையின் உறுப்பினர் 12,000க்கு மேற்பட்டனர். அந்நாளில் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூரே ஒங்கோல். ஒரு சிற்றூர்ச் சபை இவ்வாறு பெருகியது உலகின் கண்ணைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

இவ்வரலாற்றை மூன்று நூல்கள் மூவகையாக உரைக்கின்றன. முதலாவது, நெல்லூரில் பணிபுரிந்த டேவிட் டௌனி 1893இல் வெளியிட்ட 'தனி விண்மீன்'. இரண்டாவது, எம்மா ரௌசன்புசு கிளஃப் 1899இல் வெளியிட்ட 'செருப்புத் தைக்கும் வேளையில்'. மூன்றாவது, கிளஃப் கூறியவற்றை அவ்வம்மையாரே எழுதி முடித்து, அவர் மறைந்து நான்காண்டு கழிந்து 1914இல் வெளியான 'கீழ்நாட்டில் சமுதாயக் கிறித்தவம்'. மூன்றும் ஆங்கில நூல்கள். இப்பெயர்கள் நாம் தமிழாக்கித் தந்தவை. ஒரே நிகழ்ச்சியை ஒரே பக்கத்தார் எழுதியுள்ளனராயினும், மூன்றும் 'நிறுவியவர்' என்னும் இடத்தில் மூவரை வைக்கின்றன. இவ்வேறுபாட்டை விளக்கினால் நம் வினாவிற்கு விடை கிட்டும்.

டௌனியின் நூல் நிலையங்களின் வரலாறு. இதனைத் தலபுராண உறுப்புகளோடு பொருத்திக் காணின், பொருத்தம் வியப்பளிக்கும். தலம் உண்டு: ஒங்கோலில் உள்ள குன்று. 1854 சனவரி முதல் நாள் விடியலில் ஜூவெட்டும் அவர்தம் துணைவியாரும் கிறித்தியன் நரசு, ஜூலியா, ரூத் என்னும் இந்நாட்டார் மூவரும் அக்குன்றின் மேல் நின்று, அவ்வூருக்கு ஓர் அருட்பணியாளர் வேண்டும் என வேண்டினர். பன்னீராண்டில் கிளஃப் அங்கு வந்தார். இன்றும் அது செபக்குன்று எனவே வழங்கும். தீர்த்தம் உண்டு: வெல்லம்பள்ளி என்னும் ஊரருகே ஓடும் குண்டலகம்மா ஆறு. பேறுற்றோர் வரலாறும் உண்டு: 1878 சூலை 3ஆம் நாள் அவ்வாற்றில் முழுகி எழுந்தோர் 2,222 பேர். அதற்கு முன்னாளில் 614 பேரும், மறுநாளில் 700 பேரும் என மூன்று நாளில் 3,536 பேர். ஆண்டு முடிவதற்குள் 9,606 பேர். கடலுக்கு அப்பாலிருந்து பொருள் உதவிய அன்பர்க்கு, அவர் நம்பிக்கை வீண்போகவில்லை எனக் காட்டுதல் அந்நூலின் நோக்கம். ஆகவே கைவிடப்பட இருந்த விண்மீன் பெருஞ்சுடரானது என்னும் கதைப்போக்கு அதற்கு இயல்பாக அமைந்தது.

இப்போக்கைக் குறையென்று தள்ளுவது நம் கருத்தன்று. நோக்கத்திற்கேற்ற வடிவம் அது. ஆனால் அவ்வடிவத்தில் 2,222 என்னும் எண், எண்ணப்பட்ட மாந்தரினும் பெரிதாகிவிடுகிறது. அன்று காலை ஆற்றங்கரையில் நின்றோர் எவ்வூரினர், எவரால் அழைக்கப்பட்டனர், அவரை எவர் அறிந்திருந்தனர் என்னும் வினாக்கள் அவ்வெண்ணின் ஒளியில் மங்கிவிடுகின்றன. குன்றின் மேல் நின்ற ஐவருள் மூவர் இந்நாட்டார் என்பதனை அக்கதையைச் சொல்வோர் அனைவரும் சொல்கின்றனர். எனினும் விடையாக வந்தவர் கிளஃப் ஒருவரே என்று கதை முடிவதால், வேண்டிய மூவரும் அடுத்த பக்கத்தில் மறைந்துபோகின்றனர்.

எம்மா அம்மையாரின் நூல் வேறு வாயிலால் நுழைகிறது. மேரி உல்சுடன்கிராப்டைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், தோல்தொழில் செய்த மாதிகர் என்னும் வகுப்பினரிடையே வாழ்ந்து, அவர்தம் முதியோரும் போதகரும் கூறியவற்றைக் கேட்டெழுதினார். அந்நூலின் பெயரே தொழிலிடத்தினின்று பிறந்தது. இங்கு நமக்கு முதன்மையாகத் தோன்றுபவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. தாள்ளகொண்டபாடு என்னும் ஊரினரான இவர் தோல்வாணிகர். யோகநெறியைக் குருவிடம் பயின்று, தமக்கென மாணாக்கரையும் உடையவராயிருந்தவர். வாணிகத்தின் பொருட்டு வடக்கே சென்றபோது, வேறு சபையைச் சார்ந்த அருட்பணியாளரிடம் கிறித்தவச் செய்தியைக் கேட்டார். ஊர் திரும்பி, கேட்டதனைத் தம் உறவினர்க்கு உரைக்கத் தொடங்கினார். 1866இல் அவரும் அவர் மனைவியும் ஒங்கோலில் முழுக்குப் பெற்றனர். மறு ஆண்டு சனவரியில் கிளஃப் அவ்வூரை அடைந்து புளியந்தோப்பில் கூடாரமிட்டபோது, பேரய்யாவிடம் முன்னரே கேட்டறிந்தோர் ஊர் ஊராக வந்து அங்கே காத்திருந்தனர். அவருள் 28 பேர் அப்போது முழுக்குப் பெற்றனர்.

இந்நிகழ்ச்சியைத் தலபுராணத்தோடு மீண்டும் ஒப்பிடுக. தொண்டைமான் கோயிலை உண்டாக்கவில்லை; முல்லைப்புதருள் முன்னரே இருந்ததனைக் கண்டான். கிளஃப்பும் அத்தோப்பில் ஒரு சபையை உண்டாக்கவில்லை. பேரய்யாவின் சொல்லால் முன்னரே கூடியிருந்ததனைக் கண்டார். அரசனைத் தோற்றுவித்தவனாக்காமல் கண்டவனாக்கிய நம் தலபுராண மரபு, இவ்விடத்தில் நிலைய வரலாற்றினும் உண்மைக்கு அணித்தாக நிற்கிறது. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அந்தணரல்லாத அவரை இராமாநுசர் ஆசிரியராகக் கொள்ள விழைந்தார் என்பது வைணவ மரபு. குருவின் தகுதி பிறப்பினால் அமைவதன்று என்னும் எண்ணம் நம் மண்ணில் பழைமையானது. பேரய்யாவின் பின்னே மக்கள் சென்றமைக்கு அவ்வெண்ணமும் ஒரு காரணம் எனக் கருதுவது பொருந்தும். ஒங்கோல் வட்டாரத்தில் குருவின் சொல் கேட்டுப் பழகிய செவிகளே புதிய சொல்லையும் கேட்டன.

இனி, தீர்த்தம் என்னும் உறுப்பைச் சிறிது நோக்குவோம். கிறித்தவர் 'ஞானஸ்நானம்' என நெடுங்காலம் வழங்கிய சடங்கிற்குத் 'திருமுழுக்கு' என்னும் சொல்லும் இந்நாளில் வழங்குகிறது. தமிழில் முழுக்கு என்பது இருபொருள் தருவது. மயிலாடுதுறைக் காவிரியில் ஐப்பசி முடிவில் ஆடும் கடைமுழுக்கு, மாந்தர் நீருள் மூழ்குவது. கோயிலில் நிகழும் குடமுழுக்கு, மேலிருந்து நீரைச் சொரிவது. பாப்திஸ்துகளுக்கு முன்னைய பொருளே உடன்பாடு. இது சொல்லளவான செய்தியன்று. மூழ்குவதற்கு ஆறோ குளமோ கிணறோ வேண்டும். நம் நாட்டில் நீர்நிலை எதுவும் சாதியின் காவலுக்குப் புறம்பாக இருந்ததில்லை. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையில்லாத மாதிகர், பலர் காணப் பேராற்றில் இறங்கி, மூழ்கி எழுந்தனர் என்பதில் உள்ள பொருளை நம் மூன்று நூல்களும் முழுதும் எடுத்துரைத்தன என்று கூறுவதற்கில்லை. தமிழ் வாசகர்க்கோ அது சொல்லாமலே விளங்கும்.

அவ்வுரிமைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. புதிதாகச் சேர்ந்தோர், செத்த விலங்கின் இறைச்சியை உண்ணலாகாது, ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்யலாகாது, தெய்வ விழாக்களில் பங்குகொள்ளலாகாது என விதி வகுத்துக்கொண்டனர். கேட்பதற்கு இவை எளிய ஒழுக்க விதிகள். ஆனால் செத்த மாட்டை அகற்றுதலும் விழாவில் பறையறைதலும் வேண்டும்போதெல்லாம் ஊருக்கு உழைத்தலும் மாதிகர்மேல் ஊரார் சுமத்தியிருந்த கடமைகள். விதி மூன்றும் அக்கடமைகளை நேரே தாக்கின. ஊரார் கிணற்றை மறித்தனர்; கடைத்தெருவில் நுழையாமல் தடுத்தனர். சபையின் வளர்ச்சி எண்ணால் அளக்கப்படுமாயின் இத்துன்பங்கள் அதன் இடையூறுகளாகத் தோன்றும். உண்மையில் இவையே வளர்ச்சி எனலாம். துன்பத்தை ஒருங்கே தாங்கிய ஊர்ச்சேரிதான் சபையாக உருப்பெற்றது.

ஒங்கோல் வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் அற்புத நிகழ்ச்சி ஒன்று உண்டு. உயர்சாதியினர் சிலர் சபையில் சேர விரும்பினர். மாதிகரைச் சேர்த்தால் தாம் விலகுவதாகவும் கூறினர். கிளஃப்பும் அவர் மனைவியாரும் தனித்தனி அறையில், ஒருவர் செயலை ஒருவர் அறியாமல், விவிலியத்தைத் திறந்தபோது, கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் எளியோரையே இறைவன் தேர்ந்தான் என்று கூறும் பகுதியே இருவர் கண்ணிலும் பட்டது. அதனால் அவர்கள் மாதிகர் பக்கம் நின்றனர் என்பது அக்கதை. இதன் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று; கதையில் இது செய்யும் பணியையே நாம் ஆராய்வோம். இரு வகுப்பாருள் ஒருவரைத் தேர்வது அருட்பணியாளர் கையில் இருந்தது என்னும் தோற்றத்தை இது தருகிறது. தாள்ளகொண்டபாட்டுப் புளியந்தோப்பைக் கண்ட நமக்கோ, அத்தேர்வு முன்னரே நிகழ்ந்துவிட்டது தெளிவு. மாதிகரைச் சேர்ப்பதா என்பதன்று அங்கிருந்த வினா. மாதிகர் தாமே கூட்டிய சபையோடு அருட்பணியாளர் நிற்பதா, விலகுவதா என்பதே வினா. அவர் நின்றார், அது அவர் பெருமை. அதற்கு மேற்பட்ட பெருமையை அக்கதை அவர்க்கு ஏற்றுகிறது.

பஞ்சத்தைப் பற்றியும் கூறல் வேண்டும். அதனைக் கூறாத ஆய்வு நேர்மையுடையதாகாது. தமிழர் தாதுவருடப் பஞ்சம் என இன்றும் நினைவிற் கொள்ளும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் ஒங்கோலையும் அழித்தது. இளமையில் நிலமளக்கும் தொழிலில் பழகிய கிளஃப், பக்கிங்காம் கால்வாயின் மூன்றரைக் கல் தொலைவை வெட்டும் பணியை ஒப்பந்தமாக ஏற்று, பசித்தோர்க்கு வேலை தந்தார். சபையின் போதகர்களே அவ்வேலையின் மேற்பார்வையாளர். சோற்றுக்காக மதம் மாறினர் என்னும் பழி வாராமைப்பொருட்டு, பஞ்சநிவாரணம் நடந்த பதினைந்து திங்களும் எவர்க்கும் முழுக்கு அளிக்கவில்லை. நிவாரணம் நின்ற பின்னரே 1878 சூனில் தொடங்கினர். நூல்கள் இதனை வலியுறுத்துகின்றன, வலியுறுத்தற்கு உரியதே. ஆயினும் நிவாரணம் நின்ற நாளில் பசியின் நினைவும் நின்றுவிடும் என எண்ணுதல் பேதைமை. தம்மை ஒருவரும் நோக்காத காலத்தில் தம்மோடு நின்றவர் பக்கம் மக்கள் சென்றனர் என்பதில் இழிவு யாதும் இல்லை. அதனை மறுக்க முயலும் நூலாசிரியரும், அதனைக் கொண்டே இகழும் எதிர்ப்பாளரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: ஏழையின் நம்பிக்கை அவன் வாழ்வினின்று பிரித்தெடுத்த பின்னரே தூயதாகும் என இருவரும் கருதுகின்றனர். செல்வர் நம்பிக்கையை எவரும் இவ்வாறு பிரித்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

1914இல் வெளியான மூன்றாவது நூல் இவ்விடத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. முதுமையில் தம் வாழ்வை நோக்கிய கிளஃப், தம் பணியின் வலிமை மாதிகர் சமூகத்தின் அமைப்பிலேயே இருந்தது என உணர்ந்துரைக்கிறார். சேரித் தலைவர்களும் உறவின் வழியே ஊர்தோறும் சென்ற போதகர்களும் இன்றித் தம்மால் யாதும் நிகழ்ந்திராது என்பது அந்நூலின் உட்கிடை. சூலை 3ஆம் நாள் ஆற்றில் நின்று முழுக்களித்தோர் தெலுங்குப் போதகர் அறுவர். ஒரே நேரத்தில் இருவர் வீதம் மாறி மாறி அப்பணியைச் செய்தனர். கிளஃப் அன்று ஒருவர்க்கும் முழுக்களிக்கவில்லை. கால்வாய்க் கரையில் பெயர் குறித்துக் கூலி அளந்த காலத்தில் மக்களை ஒவ்வொருவராக அறிந்திருந்தோர் அப்போதகரே. 2,222 என்பது ஒரு நாளின் அற்புதம் அன்று. பதினோராண்டு ஊர் ஊராக நடந்த கால்களின் கணக்கு.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெற்றென விளங்கும். பாப்திஸ்துச் சபையின் கொள்கை ஒன்று. அதன் வரலாற்று வடிவம் வேறொன்று. கொள்கை உறுப்பினரை நிறுவியவராக்குகிறது. வடிவமோ தனி ஒருவரை நிறுவியவராக்குகிறது. டௌனியின் நூல் வடிவத்திற்கு உண்மையாயிற்று. எம்மா அம்மையாரின் நூல் கொள்கைக்கு உண்மையாயிற்று. ஏட்டில் இறுதியாக வந்ததாயினும், கிளஃப்பின் நூல் இரண்டிற்கும் இடையே நின்று முன்னதனைத் திருத்துகிறது. இலக்கிய நயத்தால் நோக்கினும் அம்மையாரின் நூலே நிலைபேறுடையது. ஏனெனில் அதன்கண் மாந்தர் பேசுகின்றனர். அம்மையார் தாமே இடைநின்று தம் மொழியில் பெயர்த்தெழுதினார் என்னும் வரம்பு அதற்கும் உண்டு; பேரய்யாவின் சொல்லை நாம் அவர் தெலுங்கிலன்றி ஆங்கிலத்திலேயே கேட்கின்றோம். எனினும் கேட்கின்றோம் என்பது பெரிது.

ஒங்கோல் சபை பெருகிய அதே 1878இல் ஜூவெட் சென்னைக்கு வந்து பணி தொடங்கினார். டே விட்டுச் சென்ற இடத்தை வரலாறு மீண்டும் வந்தடைந்தது. அதன் படிப்பினையும் சென்னைப் புறநகரின் சிறு சபைகட்கு உரியதே. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. அங்குள்ள சபைகளின் முதல் தலைமுறையினர் முதுமை எய்தி வருகின்றனர். ஆலைப்பணி முடித்து வந்து ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடியோர், பாய் விரித்தோர், பக்கத்து வீட்டாரின் சினத்தைத் தாங்கியோர் ஆகிய அவரே, பாப்திஸ்துக் கொள்கையின்படியும் ஒங்கோல் தரும் சான்றின்படியும், அச்சபைகளை நிறுவியவர். விழாமலர் எழுதுவோர் கட்டடத்தின் அளவையும் உறுப்பினர் தொகையையும் குறிப்பதற்கு முன், அவரிடம் சென்று கேட்டெழுதுவாராக. போதகர் பெயரும் நிலம் வாங்கிய நாளும் ஏடுகளில் இருக்கும். அவற்றைப் பின்னரும் காணலாம். முதியோர் நினைவில் உள்ளவற்றிற்கு அக்காவல் இல்லை.